கூப்பிடாத பெயருக்கு ஒரு பதில்

சனிக்கிழமை பகல் இரண்டு மணியானால் என் காது தானாக அரிசி ஸ்டோர்ப் பக்கம் திரும்பிவிடும். பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அது பழக்கம் இல்லை, பயம்.

நோர்வூட்டுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் புத்தகத்தில் ஏதோ ஒரு வெள்ளைக்காரன் பெயர். எங்கள் ஆட்களுக்கு அது மூக்குத்திக்கல். அங்கே நான் ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தின் ஒற்றை வாத்தியார், பெயர் டக்ளஸ். பள்ளிக்கூடத்துக்குக் கீழேதான் ஸ்டோர். சனிக்கிழமை தோறும் கணக்கப்பிள்ளை பேரேட்டை விரித்துக் குடும்பம் குடும்பமாகப் பெயர் வாசிப்பார். வேலை செய்கிறவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அரிசி உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் வீட்டு ஆள் ஒருவர் "இருக்கு" என்று வாய் திறந்து சொன்னால்தான் அளப்பார்கள். முன்னொரு காலத்தில் யாரோ செத்த பிள்ளைக்கு மூன்று மாதம் அரிசி வாங்கிவிட்டார்களாம். அதிலிருந்து வந்த வழக்கம்.

ஆறாம் நம்பர் லயத்து வரிசை வீட்டில் இருந்த ராக்காயி அக்கா ஏழு வருஷம், யாரும் கூப்பிடாத ஒரு பெயருக்கு அந்த ஸ்டோர் வாசலில் நின்று பதில் சொன்னார். அந்தப் பெயரைக் கொன்றவன் நான்.

ராக்காயி அக்கா கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. புருஷன் மாயாண்டி தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். மூத்தவன் அழகன், அடுத்தவன் அழகுமுத்து, கடைசியாக ஒரு பெண், பூவாயி. நாற்பத்தேழாம் வருஷ மழையில் பாதை உடைந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வராததால், மூன்று நாள் வலியில் துடித்துப் பெற்ற பிள்ளை. பிறந்ததும் அழவில்லை, உடம்பெல்லாம் நீலம் பாரித்திருந்ததாம். நாலு வயதாகியும் அவளுக்குக் கழுத்து நிற்கவில்லை, கால் ஊன்றவில்லை, பேச்சு வரவில்லை. "ங்ஙா" என்று ஒரே ஒரு சத்தம். பசிக்கும் அதுதான், சந்தோஷத்துக்கும் அதுதான். முனி அடித்த பிள்ளை என்று லயத்தில் முடிவு கட்டியிருந்தார்கள்.

விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு அடிப்பார்கள். அந்தச் சத்தத்தைச் சபிக்காத ஆள் தோட்டத்தில் கிடையாது. பூவாயி மட்டும் அதைக் கேட்டுச் சிரிப்பாள். "தொரைக்குத் தோதான புள்ள" என்று ராக்காயி அக்கா கேலி செய்வார். அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார். அங்கே ஆயா வேலாயி மற்றக் கைக்குழந்தைகளோடு இவளையும் தொட்டிலில் போட்டு, கஞ்சி ஊட்டி, துணி மாற்றி வைத்திருப்பாள். தாய்க்கு அந்த ஒரு உதவி இருந்தது. பிள்ளையின் நாலு வயது வரை இருந்தது.

ஐம்பத்தோராம் வருஷம் ஆடி மாதம். இந்திய வம்சாவளி ஆட்கள் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும் கெடு முடிய மூன்று வாரம்தான் இருந்தது. படிவம் எல்லாம் இங்கிலீசில். தோட்டத்தில் அதை எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, அச்சடித்த மாதிரிக் கையெழுத்து, அதைவிடப் பெரிய தலைக்கனம். என்னைவிடப் பத்து வயது மூத்த பெண்ணை "ராக்காயி" என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அக்கா என்று கூப்பிடும் புத்தி பிறகுதான் வந்தது.

குடும்பத்தைக் காப்பாற்றப் போதுமான வருமானம் வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரி லயத்துக்கு லயம் நடந்து போய்க் கை கால் முளைத்துத் திரும்பி வந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் மாயாண்டி வந்து வாசலில் நின்றார்.

"மாஸ்டர், நொண்டி, ஊம இருக்குற குடும்பத்த நாட்டுக்குப் பாரம்னு தள்ளிருவாங்களாம். மெய்யா?"

மெய்யா பொய்யா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாத்தியார் வேலையில் கற்றுக்கொள்ளாத ஒரே வார்த்தை அது.

"அப்படியும் சொல்றாங்க," என்றேன்.

"எனக்கு ரெண்டு பசங்க இருக்கானுங்க மாஸ்டர். அவனுங்களயாவது ஒரு நாட்டுக்காரனா ஆக்கணும். அவ பேர விட்டுருங்களேன்."

பிறப்புப் பதிவு இருக்கும்போது பெயரை விட முடியாது, கேள்வி வரும் என்று விளக்கினேன். அப்புறம் நானே வழியும் கண்டுபிடித்தேன். யாரும் கேட்காமல் நானே கண்டுபிடித்தது அது. பிள்ளைகள் பகுதியில் மூன்றாவதாகப் பூவாயி, பெண் என்று எழுதி, பக்கத்தில் 1950இல் காய்ச்சலில் இறந்துவிட்டது என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். மாயாண்டி அதை வாசிக்கத் தெரியாமல் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மலைக்குப் போகிற வழியில் ராக்காயி அக்கா கைநாட்டு வைக்க வந்தார். கொழுந்துக் கறை ஏறிய பெருவிரலை மையில் தோய்த்தபடி கேட்டார்.

"எங்க எல்லாரு பேரும் இருக்கா மாஸ்டர்?"

"இருக்கு," என்றேன்.

இவர்கள் தொடர்ந்து இங்கேயே இருக்கிறார்கள் என்று தோட்டத்தில் அத்தாட்சி வாங்க, விண்ணப்பத்தின் பிரதி ஒன்று தோட்டத்து ஆபீசான கந்தோருக்குப் போகவேண்டும். எனக்கு அது தெரியும். அங்கே இருந்த பெரிய கிளாக்கர் ஒழுங்குக்குப் பேர் போனவர். பிள்ளை செத்திருக்கிறது, நம் புத்தகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறதே என்று சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். அப்படி நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை மாயாண்டி என்றார் கணக்கப்பிள்ளை. இருக்கு. ராக்காயி. இருக்கு. அழகன். இருக்கு. அழகுமுத்து. இருக்கு. அப்புறம் பக்கத்து வீட்டுப் பெயரை வாசித்தார்.

"எம்புள்ள பேர வுட்டுட்டீங்கய்யா," என்றார் ராக்காயி அக்கா.

"எந்தப் புள்ள?"

"பூவாயி."

கணக்கப்பிள்ளை பேரேட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். "அதுதான் செத்துப் போச்சே. கந்தோர்ல எழுதியிருக்கு."

அக்கா இடுப்பில் கிடந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டு, தலை குனிந்து நின்ற புருஷனை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மேலே பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். ஜன்னலில் நான் நின்றேன்.

நேராக ஏறி வந்தார். பிள்ளையை என் மேசைமேல், விண்ணப்பம் எழுதிய அதே இடத்தில் கிடத்தினார். அது என்னைப் பார்த்து "ங்ஙா" என்றது.

"தொட்டுப் பாருங்க மாஸ்டர். சூடா இருக்காளா, சில்லுன்னு இருக்காளா?"

"அக்கா, ஒங்க பசங்களுக்காகத்தான்..." முதல் தடவையாக அன்றைக்குத்தான் அக்கா என்றேன்.

"பசங்க நல்லா இருக்கணும்னா இவ சாகணுமா?"

"பிரஜாவுரிமை வந்ததும் திருத்திருவோம். இப்ப திருத்துனா எல்லாமே கெட்டுப்போகும். ஆறு மாசம் பொறுங்க."

அந்த ஆறு மாதம் ஆறு வருஷம் ஆனது. கந்தோரில்தான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று தோட்டம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். உண்மை மாயாண்டிக்கும் அக்காவுக்கும் எனக்கும்தான் தெரியும். நான் யாரையும் திருத்தப் போகவில்லை.

அரிசி போனது மட்டுமல்ல. புத்தகத்தில் இல்லாத பிள்ளைக்குப் பிள்ளைக் காம்பராவில் தொட்டில் இல்லை, கஞ்சி இல்லை. வேலாயி ஒரு மாதம் ஒளித்து வைத்துப் பார்த்தாள். கந்தோரிலிருந்து சத்தம் வந்ததும் கும்பிட்டுக் கையை விரித்துவிட்டாள். அப்புறம் ராக்காயி அக்கா பிள்ளையைப் பழைய சேலைக் கிழிசலால் லயத்துத் தூணோடு கட்டிப் போட்டுவிட்டுத்தான் மலைக்குப் போனார். கட்டாமல் விட்டால் உருண்டு சாக்கடைக் கானுக்குள் விழுந்துவிடும். பகலில் மலையிலிருந்து ஓடிவந்து ஊட்டிவிட்டு ஓடுவார். பிந்திப் போகிற நாளெல்லாம் கங்காணி அரைநாள் கூலிக்கு அரைப் பேர்தான் போடுவான். பள்ளிக்கூடத்துப் பக்கமாகத்தான் அந்த ஓட்டம். பெரட்டுத் தப்பு கேட்டால் பூவாயி சிரிப்பதும் நின்றுபோனது. தப்பு அடித்தால் அம்மா கட்டிப்போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அறிவில்லாத பிள்ளை என்று சொன்னவன் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும்.

ஆனாலும் சனிக்கிழமை தவறாது அக்கா பிள்ளையோடு ஸ்டோருக்கு வந்தார். அழகுமுத்து என்ற பெயருக்கு இருக்கு என்று சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, யாரும் கூப்பிடாமலே இன்னொரு தரம் சொல்வார்.

"இருக்கு."

முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் கணக்கப்பிள்ளை அதட்டினார். அப்புறம் அதுவும் ஸ்டோர்ச் சத்தங்களில் ஒன்றாகிவிட்டது, ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது எனக்கு மட்டும் பழகவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டு முடித்ததும் பின் வரிசை வாங்கில் இருந்து யாரோ இருக்கு என்கிற மாதிரி இருக்கும், நிமிர்ந்து பார்ப்பேன். எனக்கும் பவுலினுக்கும் கோயிலில் ஓலை வாசித்தபோது, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்டார். எனக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது. பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பத்துப் பிரியதத்த மந்திரம் அபராதம் கொடுத்தார். கால் மணி நேரத்தில் சொல்லி முடித்துவிட்டேன்.

வேலாயி ஒரு நாள் அக்காவைத் தேற்றிக்கொண்டிருந்தாள். "அழுவாத ராக்காயி. உசிரோட இருக்குறவங்கள செத்துட்டாங்கன்னு சொன்னா ஆயுசு கெட்டியாகும்பாங்க. ஒம்மவ நூறு வருசம் இருப்பா."

"அதத்தான் நானும் நெனச்சு பயப்படுறேன்," என்றார் அக்கா. "எனக்குப் பொறவும் இருப்பாளே. பேரே இல்லாதவள யாரு பாப்பாங்க?"

ஐம்பத்தேழில் விசாரணைக்கு அழைத்தார்கள். ஹட்டனில் ஒரு மண்டபம். செத்த பிள்ளையைப் பற்றிக் கேட்டால் இன்ன மாதம், இன்ன காய்ச்சல், மழையில் பதிய முடியவில்லை என்று சொல்லவேண்டும் என மாயாண்டிக்கு நான்தான் ஒரு வாரம் பாடம் சொல்லிக்கொடுத்தேன். பையன்கள் இருவரும் எண்ணெய் வைத்துத் தலைவாரி வந்தார்கள். அழகனுக்குப் பதினாறு வயது. என்னிடம் படித்தவர்களில் முதல் பிள்ளை அவன்தான். இந்தக் காகிதம் வந்தால் ரயில்வேயில் சேர்த்துவிடலாம் என்று நான்தான் அவனுக்கு ஆசை காட்டி வைத்திருந்தேன். ராக்காயி அக்கா கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். மேலே ஒரு கம்பளித் துண்டு போட்டிருந்தது. ஹட்டனில் சாமான் வாங்க என்று நினைத்தோம்.

பஸ்ஸில் கூடையைக் கூரைமேல் போடச் சொன்ன கொண்டக்டரிடம், "இதுல உசிரு இருக்குங்கய்யா," என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். கோழி என்று நினைத்திருப்பான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து வயதுப் பிள்ளை ஒரு கூடைக்குள் அடங்குகிற அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது.

விசாரணை செய்த ஐயா சிங்களவர். வயதானவர், குரல் உயர்த்தாதவர். பக்கத்தில் தமிழில் மாற்றிச் சொல்ல ஓர் ஆள். மாயாண்டி என் பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்பித்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒங்களுக்கு எத்தன பிள்ளைகள்?"

"மூணுங்க."

"உயிரோட?"

"மூணுங்க."

மாற்றிச் சொல்கிறவர் தவறோ என்று மறுபடி கேட்டார். அக்கா கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து கழற்றி, கூடையை மேசைக்கு முன்னால் இறக்கி, துண்டை எடுத்தார். "இதுதாங்க செத்துப்போன புள்ள. பூவாயி." கூடைக்குள்ளிருந்து "ங்ஙா" என்று சத்தம் வந்தது.

அந்த ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கூடைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படிவத்தை எடுத்தார். "இதை எழுதினது யார்?"

ராக்காயி அக்கா திரும்பி வாசலைப் பார்த்தார். என் கண்ணை நேராகப் பார்த்தார். ஒரு அடி முன்னால் வைத்து நான்தான் என்று சொல்ல எனக்கு அவகாசம் இருந்தது. நிறையவே இருந்தது. என் கால் நகரவில்லை.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க," என்றார் அக்கா. "கைநாட்டு என்னோடது. தப்பும் என்னோடதுதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில், "ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டேன். கேட்க எனக்கு வெட்கம் இருந்திருக்க வேண்டும். "ஒங்க வேல போச்சுன்னா பள்ளிக்கூடத்தப் பூட்டிருவாங்க. சின்னவன் எங்க படிப்பான்?" என்று கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதற்குமேல் என்னோடு ஒரு பேச்சும் இல்லை. திட்டியிருந்தால் நான் எப்போதோ நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்த வருஷம் கடுதாசி வந்தது. அதை என்னிடம் கொண்டுவரவில்லை. நோர்வூட்டில் பாவா நானாவின் கடைக்குக் கொண்டுபோனார். நான் தேயிலைப் பெட்டிப் பலகை வாங்க அங்கே நின்றிருந்தேன். பாவா நானா வாசித்துவிட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"பொய் எழுதின சுட்டி தள்ளிட்டாங்க தங்கச்சி. ஒங்களுக்கும் இல்ல, மாப்புள்ளைக்கும் இல்ல, புள்ளையளுக்கும் இல்ல."

"எந்தப் புள்ளைங்களுக்கு நானா? பேரச் சொல்லுங்க."

"அழகன், அழகுமுத்து, பூவாயி."

"இன்னொருக்கா சொல்லுங்க."

"பூவாயி. ஈக்கிது தங்கச்சி, ஒங்கட மகள்ட பேரு நல்லாத் தெளிவா ஈக்கிது."

ராக்காயி அக்கா சிரித்தார். நாடு இல்லை என்று வந்த கடுதாசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சிரித்தார். பாவா நானா பயந்துபோய் உள்ளே திரும்பி மனைவி சாரா உம்மாவைக் கூப்பிட்டார்.

மறுநாள் பெரட்டுக்குப் போகாமல் அக்கா தொரையின் கந்தோர் வாசலில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள்தான் தொரை வெளியே வந்தார். பெரிய கிளாக்கர் மொழிபெயர்த்தார். "சர்க்காரு எம்புள்ளைய உசிரோட எழுதியிருக்கு. தோட்டத்துல மட்டும் ஏன் பொணமா வச்சிருக்கீங்க?" தொரை கடுதாசியை இரண்டு தரம் வாசித்தார். அன்றைக்கே பேரேட்டில் பெயர் ஏறியது. வயது கூடிவிட்டது என்று தயங்கியதற்கும், "வயசு கூடுச்சு, கழுத்து கூடலிங்களே," என்று வாதாடி, பிள்ளைக் காம்பராவின் வெளி வாசலில் ஒரு மூலையும் வேலாயியின் கஞ்சியும் வாங்கிவிட்டார். தருமமாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்டார். எங்கள் தோட்டத்தில் அப்படிக் கேட்டவரை அதற்குமுன் நான் கண்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை கணக்கப்பிள்ளை பூவாயி என்று வாசித்தபோது, இருக்கு என்ற குரல் மலை முழுக்கக் கேட்டது.

அதற்கு விலை உண்டு. அழகன் தாயோடு பேச்சை நிறுத்தினான். "ஒரு நொண்டிக்காக எங்க ரெண்டு பேரயும் நாடில்லாதவனாக்கிட்ட," என்று சொல்லிவிட்டு நானுஓயாப் பக்கம் லொறி வேலைக்குப் போய்விட்டான். அறுபத்துநாலில் இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று இரண்டு நாடும் பேசி முடித்துவிட்டதாக ரேடியோ சொன்னபோது, ஒரு நாள் வந்து லயத்து வாசலில் நின்று மறுபடியும் அதையே சொல்லிவிட்டுப் போனான். தாய் மறுக்கவில்லை. அவனுக்கென்று வைத்திருந்த ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பாதி வழி பின்னால் போய்விட்டுத் திரும்பி வந்தார். உண்மையை அவனிடம் சொல்ல நான் நாலு தரம் வாயெடுத்தேன். நாலு தரமும் விழுங்கினேன்.

அறுபத்தைந்து புரட்டாசியில் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஐந்தாம் நாள் போய்விட்டார். அழகன் வந்து ஓரமாக நின்றான். பூவாயிக்கு அப்போது பதினெட்டு வயது. தாயின் காலடியில் கிடத்தியிருந்தார்கள், அவள் ஒரு சத்தமும் போடவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை நான் பள்ளிக்கூட ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். இருக்க முடியவில்லை. இறங்கிப் போய் வரிசைக்குப் பின்னால் நின்றேன். மாயாண்டி சாக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். பக்கத்தில் சின்னவன். கொஞ்சம் தள்ளி அழகன், அன்று மாலை பஸ்ஸுக்குப் போக மூட்டையோடு.

மாயாண்டி. இருக்கு. அழகுமுத்து. இருக்கு.

"பூவாயி."

பதினான்கு வருஷமாக அந்தப் பெயருக்குப் பதில் சொன்னது ஒரே ஒரு வாய். மாயாண்டி உதட்டை அசைத்தார், சத்தம் வரவில்லை. சின்னவன் தகப்பனைப் பார்த்தான். கணக்கப்பிள்ளை இன்னொரு தரம் வாசித்தார். பேனாவைக் கையில் எடுத்தார். அந்தப் பேனாவைப் பார்த்ததும் என் கால் தானாக நகர்ந்தது.

"இருக்கு," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். கணக்கப்பிள்ளை மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "மாஸ்டர், நீங்க அந்தக் குடும்பம் இல்லையே. யாரு சொன்னதுன்னு நான் எழுதுறது?"

அழகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"அவ செத்துட்டான்னு விண்ணப்பத்துல எழுதுனவன் சொன்னான்னு எழுதுங்க. ஒங்க அம்மா இல்ல அழகா. நான்தான் எழுதுனேன்."

அழகன் மூட்டையைக் கீழே வைத்தான். என்னை அடிக்க வருகிறான் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகத்தான் நின்றேன். அவன் என்னைத் தாண்டிப் போய்த் தகப்பன் கையிலிருந்த சாக்கின் மறு நுனியைப் பிடித்து விரித்தான். கணக்கப்பிள்ளை பூவாயியின் அரிசியை அளந்து போட்டார்.